பேசாத இரண்டு லாரிகள்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊருக்கு லாரிகள் இரண்டு. தண்ணீர் லாரியை ஓட்டுவது அலூக்கி. கழிவுநீர் லாரியை ஓட்டுவது அவள் கணவன் நுட்டராக். நிலம் வருஷம் முழுக்க உறைந்து கிடப்பதால் குழாய் புதைக்க வழியில்லை. அவள் வீடு வீடாகக் கொண்டுவந்து ஊற்றுவதை அவன் வீடு வீடாக உறிஞ்சி எடுத்துப் போவான். அந்தக் குளிர்காலத்தில் இவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தியபோது ஊரே நாறிப்போனது.

நான் மியாலி. ஊர் வானொலி என் பொறுப்பு. பிறந்தநாள் வாழ்த்து, தொலைந்துபோன கையுறை, பிங்கோ எண் எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். அலூக்கி எனக்கு அப்பா. என் அப்பா இறந்த கையோடு பிறந்தவள் என்பதால் அவர் பெயரை அவளுக்கு வைத்தார்கள். பெயர் வந்தால் உறவும் கூடவே வந்துவிடும். என்னைவிட எவ்வளவோ இளையவளை நான் அப்பா என்கிறேன், அவளும் கூசாமல் என்னை மகளே என்று அதட்டுகிறாள்.

சண்டை மூண்டது கிறிஸ்துமஸ் விருந்தில். கோடையில் அலூக்கியின் அண்ணன் அவளுக்குக் கடலில் வேட்டையாடிய வால்ரஸ் இறைச்சி கொடுத்திருந்தான். கரையோரக் கூழாங்கற்களுக்கு அடியில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிட்ட இறைச்சி. அந்த வாடைக்கு வெளியூர்க்காரர்கள் வீட்டைவிட்டே ஓடுவார்கள். எங்களுக்கு எச்சில் ஊறும். அதைத் தன் பிறந்தநாளுக்கென்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

விருந்தன்று ஊர் மன்றத்தில் தரையில் அட்டை விரித்து எல்லா வீட்டு இறைச்சியையும் பரப்பியிருந்தோம். அலூக்கி ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரு வீட்டுது இது? இப்படித் தூக்கிக் குடுக்க ஒரு மனசு வேணும். குடுத்த கை நல்லா இருக்கணும்!" என்று மன்றம் முழுக்கக் கேட்கும்படி வாழ்த்தினாள்.

"உன் வீட்டுதுதான்! உன் புருஷன் கொண்டாந்தது" என்றான் ஒருவன்.

மன்றம் குலுங்கிச் சிரித்தது. நுட்டராக் மட்டும் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டைக் கொடுத்தவனைத் திட்டுவது எங்களிடம் பெரிய அசிங்கம். அதனால் அலூக்கி திட்டவில்லை. மென்றதை விழுங்கினாள், வாயை மூடினாள், அதற்குப் பிறகு அவனிடம் அதைத் திறக்கவே இல்லை.

சூரியன் எட்டிப் பார்க்காத மாதம். பனிப்புயலும் சேர்ந்துகொண்டது. கழிவுத் தொட்டி நிறைந்தால் வீட்டுக்கு வெளியே சிவப்பு விளக்கு எரியும், உள்ளே குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அதனால் அவன் முதலில், அவள் பிறகு என்று போக வேண்டும். பேச்சில்லாததால் அவள் ஒரு தெருவிலும் அவன் வேறொரு தெருவிலும் போனார்கள். என் தொலைபேசி ஓயவில்லை.

"மியாலி, என் தொட்டியில தண்ணி தளும்புது, ஒரு சொட்டு வரமாட்டேங்குது. அந்த மகராசனைக் கொஞ்சம் வரச் சொல்லேன்."

இரண்டு லாரிகளிலும் வயர்லெஸ் உண்டு. அதில் பேசுவது என் அறைக்கும் வரும். நான் அதை மைக்கில் பிடித்தால் ஊருக்கே கேட்கும். அவன் பேசுவது அவளுக்கும், அவள் பேசுவது அவனுக்கும் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் இருவருக்கும் நடுவில் நான் வேண்டும்.

"மகளே, அந்த ஆளைப் பள்ளிக்கூடத்துத் தெருவுக்குப் போகச் சொல்லு."

"மியாலி, போயிட்டுத்தான் இருக்கேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

ஊரில் யாரும் வேறெதையும் கேட்கவில்லை. பிங்கோவுக்குக்கூட ஆளில்லை. இதில் வேடிக்கை, அவர்கள் சொந்த வீடுதான். அவன் அங்கே கழிவுத் தொட்டியைக் காலி செய்யவில்லை, அவள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பவில்லை. வாசலில் சிவப்பு விளக்கு எரிய, அவள் தங்கை வீட்டிலும் அவன் அண்ணன் வீட்டிலும் போய்க் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மதியம் காற்று மறுபடியும் கிளம்பியது. அலூக்கி ஏரியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பும்போது லாரி வழுக்கி, சாலையோரப் பனிமேட்டில் மூக்கைக் குத்தி நின்றுவிட்டது.

"மகளே, பனி அள்ளுற லோடரை அனுப்பச் சொல்லு."

"லோடர் கிளம்பமாட்டேங்குதாம்ப்பா. பக்கத்துல இருக்கிறது ஒரு வண்டிதான்..."

"அந்த நாத்த வண்டி வேண்டாம். நான் உறைஞ்சே போறேன்."

"மியாலி, நாத்த வண்டி கிளம்பியாச்சுன்னு சொல்லு" என்றான் நுட்டராக்.

அவன் போய்ச் சங்கிலி மாட்டி இழுத்தான். தண்ணீர் லாரி நகரவில்லை. கழிவு லாரிதான் பின்னால் சறுக்கிப்போய் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அதன் இன்ஜினும் அணைந்துபோனது. ஊரே வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

"மியாலி, கதவைத் திறக்கச் சொல்லு உங்கப்பாவை."

"அப்பா, கதவைத் திறப்பா."

"எதுக்காம்?"

"மீசை உறைஞ்சுபோச்சாம்."

"அந்த நாலு முடிக்குப் பேரு மீசையா?"

அதற்குள் தொலைபேசியில் ஒருவர், "அலூக்கி, திறந்துவிடும்மா, பாவம்" என்றார். அடுத்தவர், "திறக்காதே, இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும், இங்க இப்பத்தான் டீ போட்டிருக்கோம்" என்றார்.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அலூக்கி மைக்கின் பொத்தானை அழுத்தியபடியே இருந்தாள்; கோபத்தில் கையை எடுக்க மறந்திருக்க வேண்டும்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே தூக்கிக் குடுத்திருப்பேனேய்யா" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக அவனிடம் பேசிய முதல் பேச்சு. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

நுட்டராக் மெதுவாக, "இந்த வருஷம் நான் என்னத்தைக் கொண்டாந்தேன்? எத்தனை தடவை வேட்டைக்குப் போனேன், ஒண்ணும் சிக்கல. விருந்தன்னிக்கு எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு தூக்கிக்கிட்டு உள்ள போறாங்க. வெறுங்கையோட எப்படி அலூக்கி..." என்றான்.

நான் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு ஒரு அக்கார்டியன் இசைத்தட்டைப் போட்டேன்.

ஐயோ, அந்தத் தொலைபேசி! "மியாலி, உனக்கு மனசாட்சி இருக்கா?" "நல்ல கட்டத்துல நிறுத்திட்டியே!" "பாட்டை நிறுத்துடி!" என்று என்னைத் திட்டாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். நான் இசைத்தட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். அந்த லாரிக்குள் மேற்கொண்டு என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்கும் தெரியாது. ஒருவழியாக லோடர் கிளம்பிப் போய் இருவரையும் இழுத்து வந்தபோது, கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்ததாம்.

காற்று ஓய்ந்ததும் இருவரும் ஒரே பனிவண்டியில் உறைந்த கடல்மேல் வேட்டைக்குப் போனார்கள். சீல் என்னும் கடல்நாய்கள் மூச்சுவிட வரும் பனித்துளை அருகே அசையாமல் காத்திருக்கும் வேலை. அதற்கு அலூக்கிக்குப் பொறுமையே கிடையாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்ததும் நுட்டராக்கே எனக்குத் தொலைபேசியில் பேசினான். குரலில் ஒரு மிடுக்கு.

"மியாலி, சொல்லிடு. எங்க வீட்டுல சீல் கறி. எல்லாரும் வாங்க."

வாசலில் பூட்ஸ்கள் மலைபோல் குவிந்தன. தரையில் அட்டை விரித்து சீலைக் கிடத்தி, அலூக்கி வயிற்றைக் கீறினாள், ஆவி பறந்தது. எப்படிப் பிடித்தீர்கள் என்று யாரோ கேட்டதுதான் தாமதம்.

"இவதான் ஈட்டியை எறிஞ்சா" என்றான் அவன்.

"நான் தும்மினேன். அது பயந்து இவர் பக்கம் போச்சு" என்றாள் அவள்.

"அசையாதேன்னு நான் சைகை காட்டினா, இவ என்னை முறைக்கிறா..."

"நீ காட்டினது சைகையா? ஏதோ ஈ ஓட்டுறேன்னு நினைச்சேன்!"

"குளிர்காலத்துல ஏதுடி ஈ?"

இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவர் வாயை ஒருவர் பொத்தினார்கள், இருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. நாங்கள் ஈரலை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்ததால் எது உண்மை என்று யாரும் கேட்கவில்லை.