எட்டு பூஜ்யங்கள்

பிள்ளை பிறந்துவிட்டது. அம்முவுக்கு ரத்தம் நிற்கவில்லை.

திருத்தணி நர்ஸிங் ஹோமின் கம்ப்யூட்டர் முன்னால் அவள் தம்பி தணிகாசலம் உட்கார்ந்தான். ரத்த வங்கிகளின் இருப்பைக் காட்டும் பக்கம் அவன் எழுதியது. இரண்டு வருஷமாக, 2007லிருந்து, ஓடிக்கொண்டிருக்கிறது. அம்முவுக்கு ஓ நெகட்டிவ். அரக்கோணத்து வங்கியைத் தட்டினான். சக்கரம் சுற்றியது. பூஜ்யம்.

"உன் பொட்டி இன்னாடா சொல்லுது?" என்றார் அம்முவின் கணவர் சின்னசாமி.

"அரக்கோணத்துல இல்ல பாவா."

"ஒரு போன் போட்டுக் கேட்டா?"

"இதுல இல்லன்னா இல்ல பாவா. பேசிகினு இருந்தா நேரந்தான் போவும். சென்னைக்குக் கிளம்புங்க."

"படிச்சவன் நீ சொல்ற. சரி."

அம்முவை ஏற்றிக்கொண்டு கிருத்திகைக் கூட்டத்துக்குள் ஆம்புலன்ஸ் ஊர்ந்து போனது. பிள்ளையை நர்ஸ் தணிகாசலம் கையில் கொடுத்தாள். அது தூங்கிய பிறகு கம்ப்யூட்டரை அணைக்கப் போனான். அப்போதுதான் திரையை முழுதாகப் பார்த்தான். எட்டு ரத்த வகைக்கும் பூஜ்யம்.

எந்த வங்கியும் அப்படி ஒட்டத் துடைத்துக் கிடக்காது.

டேட்டாபேஸ் எங்கோ கடல் கடந்து, க்ளவுடில், வாடகை சர்வரில் இருந்தது. சில வேளை பதில் தராமல் இழுக்கும். சிவப்பு எழுத்தில் டைம்அவுட் என்று வரும். பக்கத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை. பத்து நொடிக்குள் பதில் வராவிட்டால் பிழையை விழுங்கிவிட்டுப் பூஜ்யம் காட்டு என்று நாலு வரி புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பதில் வராததும் ரத்தம் இல்லாததும் அந்த வரிகளுக்குள் ஒன்றாகிப்போயின. அதன்பின் ஒருவரும் குறை சொல்லவில்லை. அவனும் மறந்துபோனான்.

அரக்கோணத்து வங்கிக்குப் போன் போட்டான்.

"ஓ நெகட்டிவ்வா? ஆங், ரெண்டு பை இருக்குதுங்க. நேத்துலேர்ந்து இருக்குது. ஆள அனுப்பட்டா?"

"அனுப்புங்க. இப்பவே."

அடுத்து சின்னசாமியை அழைத்தான்.

"பாவா, வண்டியத் திருப்புங்க. ரத்தம் இங்கயே வருது."

போனில் சைரன் கேட்கவில்லை.

"திருப்பிட்டோம்டா தணிகா," என்றார் சின்னசாமி. "இனிமே அவசரமில்ல."

வண்டி வருவதற்குள் வங்கி ஆள் பைக்கில் வந்துவிட்டான். ஐஸ் பெட்டியை மேசைமேல் வைத்து வேர்வையைத் துடைத்தான்.

"கூட்டத்துல பூந்து வந்தேங்க. யாருக்கு இது?"

தணிகாசலம் பிள்ளையை மடியில் சரிசெய்துகொண்டான்.

"எங்க அக்காவுக்கு," என்றான்.