கீரனின் முறை

இரண்டாயிரத்து நானூற்றி இருபது டொலர். நாளுக்கு இருநூற்றி இருபதுப்படி பதினொரு நாள் கூலி. நகரின் ஓரத்தில், டார்னெய்ட் பக்கம் புதிதாய் எழும்பிய வீடுகளுக்கு இடையில் குழி தோண்டி, கட்டை நட்டு, கொங்கிறீற் ஊற்றி, பலகை அடித்து வேலி நிமிர்த்திய கூலி. வேலி வேலை எடுத்துச் செய்கிற டேமியன் தரவேண்டியது. ஆறு கிழமையாய் வராமல் கிடப்பது.

டேமியனைத் திட்டவும் இளங்கீரனுக்கு வாய் வரவில்லை. கெடுத்தது தன்னுடைய வாய்தான் என்று அவனுக்குத் தெரியும். கடைசி நாள் பின்னேரம், சாமான்களை வண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகு, டேமியன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, காசு இப்பவே வேணுமா, இல்லை கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டான். இளங்கீரன் பல்லைக் காட்டிக்கொண்டு, சீச்சீ, அவசரமில்லை, ஆறுதலாய்ப் பார்ப்போம் என்றான். அப்படித்தானே சொல்ல வேண்டும். காசு என்றதும் கையை நீட்டுகிறவன் என்ன மனிசன். டேமியன் இன்னொருதரம் கேட்பான், அதற்கும் பரவாயில்லை என்பது. மூன்றாம் தரம் வற்புறுத்துவான், சரியென்று வாங்கிக்கொள்வது. அவன் வளர்ந்த இடத்தில் ஒரு தேத்தண்ணிக்குக்கூட இதுதான் நடைமுறை. ஆனால் டேமியன் இரண்டாம் தரம் கேட்கவில்லை. நல்லவனப்பா நீ என்று தோளில் தட்டினான். போன் காற்சட்டைப் பைக்குள் போனது. காசும் அதோடு போனது.

அடுத்த கிழமை இளங்கீரன் காசு கேட்டு ஒரு செய்தி அனுப்பினான். ஒரு பிரச்சினையும் இல்லை மேட், வாற கிழமை என்று கூட்டாளி முறையில் பதில் வந்தது. அதற்கடுத்த கிழமையும் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு பதிலே இல்லை.

இளங்கீரனுக்குப் பிரச்சினை இருந்தது. நாலு கிழமை வீட்டு வாடகை நிலுவை, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னம் கட்டாவிட்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லி நோட்டீஸ் வரும் என்று வாடகை ஏஜென்ற் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அவன் மனைவி சயந்தினி அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். காரணம், வீட்டில் அவளுடைய அண்ணன் சிறிதரன் வந்து நிற்கிறார். யாழ்ப்பாணம் கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், முப்பது வருசம் கிளாக்காய் இருந்து ஓய்வெடுத்த மனிசன். மூன்று மாத விசாவில் தங்கச்சியின் வாழ்க்கையைப் பார்க்க வந்தவர். அண்ணைக்கு மட்டும் தெரியக்கூடாது என்று சயந்தினி ஒரே பிடி.

அண்ணையோ பார்க்கிறதை எல்லாம் கணக்கெடுக்கிற ஆள். வந்த நாளிலிருந்து இந்த நாட்டின் புதினங்களைத்தான் கதைக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்குகிற சனமெல்லாம் சாரதிக்கு நன்றி சொல்லுது. வளர்ந்த ஆம்பிளை வெறுங்காலோடு சுப்பர்மார்க்கெற்றுக்குள் நிற்கிறான். டொக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவளும் சிரிக்கிறாள். முன்பின் தெரியாதவன் எப்படிச் சுகம் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலே போகிறான்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இளங்கீரன் காரை எடுத்தபோது, அவரும் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து முன்சீற்றில் ஏறிவிட்டார். எங்கே போகிறீர் என்று கேட்கவுமில்லை. இறக்கிவிட வழியில்லை. வெள்ளிக்கிழமைகளில் வேலைக்காரர் எல்லாம் நேரத்தோடு முடித்து, வெரிபீ பக்கம் இருக்கிற ஒரு பப்பில்தான் இருப்பார்கள். டேமியனின் வெள்ளை வண்டி வாசலில் நின்றது. இளங்கீரனின் பையில் ஒரு ஐம்பது டொலர் தாள் இருந்தது. பெற்றோலுக்கும் பாலுக்கும் வைத்தது. அதைத் தவிர, வங்கியில் கிடந்தது ஏழு டொலர்.

டேமியன் ஒளியவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. கீரன் வந்திட்டான் என்று எழும்பிக் கையைப் பிடித்தான். அதுதான் இன்னும் கஷ்டமாய்ப் போனது. மேசையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கெவ், கொங்கிறீற் வேலை செய்து முழங்கால் தேய்ந்த கிழவர். மற்றவன் வேய்ன், குழி தோண்டும் மெசின் ஓட்டுகிறவன். இரண்டு பேரும் இளங்கீரனோடு வேலை செய்தவர்கள்தான். கதிரை இழுத்துப் போட்டார்கள்.

என்ன குடிக்கிறியள் என்று டேமியன் கேட்டான். கார் ஓட்ட வேண்டும், எலுமிச்சை சோடா போதும் என்றான் இளங்கீரன். சிறிதரன் நெஞ்சில் கையை வைத்து, ஐயோ வேண்டாம், வேண்டாம், இப்பத்தான் தேத்தண்ணி குடித்தது என்று நல்ல இங்கிலீசில் சொன்னார். டேமியன் தலையாட்டிவிட்டுப் போனான். நாலு கிளாசோடு திரும்பி வந்தான். சிறிதரனுக்கு முன்னால் மேசை வெறுமையாய்க் கிடந்தது.

சிறிதரன் மற்றவர்களின் கிளாசை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பிறகு இளங்கீரன் பக்கம் சரிந்து, "என்ன மச்சான், ஒருக்காத்தான் கேக்கிறதோ?" என்றார்.

"இஞ்சை இல்லையெண்டால் இல்லைதான் அண்ணை. திரும்பக் கேட்டால் அது மரியாதை இல்லையாம்."

"அப்ப பசியெண்டு வந்தவன் செத்தெல்லோ போவான்."

இளங்கீரனுக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் இருந்த மணிக்கூடு மூன்றே முக்கால் காட்டியது.

காசுக் கதையைத் தொடங்க வேண்டும். ஆனால் எந்த இடத்தில் தொடங்குவது? அவர்கள் புட்போல் கதைத்தார்கள். பிறகு மழை, பிறகு யாரோ ஒருவனின் நாய். இளங்கீரன் ஒருதரம் தொண்டையைச் செருமினான். டேமியன் அவன் பக்கம் திரும்பி, உன்னுடைய பிள்ளை எப்படி, பள்ளிக்கூடம் போகிறாளா என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். போகிறாள் என்று சொல்லி, அந்தச் செருமலை விழுங்கினான்.

கெவ் எழும்பி அடுத்த சுற்று வாங்கி வந்தார். இந்தமுறை சிறிதரன், கெவ் கேட்டு முடிக்க முதலே, "ஓம், பியர்" என்றார். நாலு மணிக்கு அந்தச் சுற்றும் இறங்கியது. பிறகு வேய்ன் எழும்பினான். மூன்றாவது சுற்று. இளங்கீரனுக்கு வயிறு முழுக்கச் சோடா. மணி நாலேகால்.

இந்த நாட்டில் பதினொரு வருசம் இருக்கிறான், இது அவனுக்குத் தெரியாததல்ல. ஒருவன் எல்லோருக்கும் வாங்குவான், பிறகு மற்றவன். யாரும் எழுதி வைப்பதில்லை. உன்னுடைய முறை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டுத் தன் முறை வருவதற்கு முன் எழும்பிப் போகிறவனைப் பற்றி, அவன் செத்த பிறகும் கதைப்பார்கள்.

கிளாசுகள் காலியாகின. டேமியன் போனைப் பார்த்தான். வேய்ன் ரீவியைப் பார்த்தான். கெவ் தன்னுடைய விரல் நகங்களைப் பார்த்தார். ஒருவரும் இளங்கீரனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது, பார்ப்பதைவிட மோசமாய் இருந்தது.

வாங்கினால் பெற்றோல் காசு போகும். அதற்குப் பிறகும் டேமியன் வாற கிழமை என்று சொன்னால், வீடும் போகும். வாங்காமல் எழும்பினால், இனி இந்த மேசையில் எவனிடமும் வாய் திறந்து எதுவும் கேட்க முடியாது. இளங்கீரன் எழும்பினான்.

சிறிதரன் அவனுடைய கையைப் பிடித்தார். "எங்கை போறீர்?"

"குடிக்க வாங்க. என்ரை முறை."

"அவன் உமக்குத் தரவேண்டியவன். தரவேண்டியவனுக்கு நீர் வாங்கிக் குடுக்கிறீரோ?"

இளங்கீரன் அப்படியே நின்றான். அவரிடம் யார் சொன்னது? சிறிதரன் குரலை உயர்த்தவில்லை. அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்த கடிதத்தை வந்த மூன்றாம் நாளே படித்தேன், முப்பது வருசம் கடிதங்களோடு சீவித்தவனிடமிருந்து ஒரு கடிதத்தை ஒளிக்க ஏலுமோ என்றார். இரவில் நீங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் குசுகுசுக்கிறதும் கேட்டது, இண்டைக்கு ஐஞ்சு மணி என்பதும் தெரியும், அதுதான் காரில் ஏறினேன் என்றார். தன்னிடம் இருப்பது ஊர்க்காசு, அதை மாற்றினாலும் ஒரு கிழமை வாடகைக்குக் காணாது என்றும் சொன்னார்.

மேசையில் இருந்த மற்ற மூவருக்கும் தமிழ் விளங்காது. ஆனாலும் ஏதோ நடக்கிறது என்று விளங்கியது.

"விடுங்கோ அண்ணை," என்றான் இளங்கீரன். கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனான்.

கணக்கு நாற்பத்து நாலரை டொலர் வந்தது. மிச்சக் காசை எண்ணாமலே பைக்குள் போட்டான். தட்டில் ஐந்து கிளாஸ். ஒவ்வொருவருக்கும் முன்னால் வைத்தான். டேமியனுக்குக் கடைசியாய் வைத்தான். டேமியன் நன்றி மேட் என்று கிளாசைத் தூக்கி, ஒரு வாய் குடித்தான்.

இளங்கீரன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"டேமியன், என்னுடைய காசு வேணும். இரண்டாயிரத்து நானூற்றி இருபது. இப்ப வேணும். ஐந்து மணிக்கு முதல்."

இங்கிலீசில் அவன் இவ்வளவு வெறுமையாய் ஒன்றைச் சொன்னதில்லை. முன்னால் ஒரு 'மன்னிக்கவும்' இல்லை, பின்னால் ஒரு 'முடிந்தால்' இல்லை. சொன்ன பிறகு காது இரண்டும் சூடாகின.

டேமியன் கிளாசைக் கீழே வைத்தான். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. "நீதானே மேட் அவசரமில்லை எண்டு சொன்னாய்."

"சொன்னேன். அது பொய். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவம். எனக்கு அண்டைக்கே வேணும்."

கெவ் கிழவர் தன் கிளாசைத் தொடவில்லை. எத்தனை நாளாச்சு என்று இளங்கீரனைக் கேட்டார். ஆறு கிழமை. கெவ் தன்னுடைய கிளாசை ஒரு விரலால் மேசை நடுவுக்குத் தள்ளினார். வேய்னும் கையை எடுத்துவிட்டான். இரண்டு பேரும் டேமியனைப் பார்த்தார்கள்.

"ஆறு கிழமை அவனுடைய கூலியை வைச்சுக்கொண்டு," என்றார் கெவ், "அவன் வாங்கின பியரைக் குடிக்கிறாய்."

ஊரில் நாலு பேர் கூடி நியாயம் பேசினால்கூட ஒரு மனிசன் இப்படிச் சுருங்கமாட்டான். டேமியன் தலையைக் குனிந்து போனைத் திறந்து, மேசையில் எல்லோரும் பார்க்க வைத்தான். ஆயிரத்து ஐந்நூற்றி முப்பத்தைந்து டொலர் இருந்தது. வீடு கட்டுகிறவன் தனக்கு இரண்டு மாதமாய்த் தரவில்லை என்றான். அவனிடம் கேட்க வெட்கமாயிருந்தது, உன்னிடம் சொல்லவும் வெட்கமாயிருந்தது, நீ அவசரமில்லை என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன் என்றான். சொல்லும்போது இளங்கீரனின் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி நாலு நாற்பது. இளங்கீரனுக்கு அவனைப் பார்க்கப் பாவமாய் இருந்தது. அந்தப் பாவம் தொண்டை வரைக்கும் வந்து, சரி, பாதியைத் தா, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று சொல்லப் பார்த்தது. அவன் வாயை இறுக மூடிக்கொண்டான். சிறிதரனும் அவனை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுக்க வேணும்," என்றான்.

வேய்ன் பெருமூச்சு விட்டான். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், யாருக்கென்று தெரியவில்லை. தன்னுடைய போனை எடுத்து, தொளாயிரம் போடுகிறேன், எனக்கு நீ மாதம் முடிய முதல் தரவேண்டும், கெவ் சாட்சி என்று டேமியனிடம் சொன்னான். டேமியனின் போன் ஒருதரம் மின்னியது. பிறகு டேமியன் தடித்த விரலால் ஒவ்வொரு இலக்கமாய்க் குத்தினான். ஒருதரம் பிழைத்து, அழித்துத் திரும்பக் குத்தினான்.

இளங்கீரனின் போன் பைக்குள் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். இரண்டு, நாலு, இரண்டு, சைபர். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன்போல் ஒவ்வொன்றாய் வாசித்தான். அங்கேயே நின்றபடி வாடகை ஏஜென்றின் கணக்குக்கு ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதை அனுப்பினான். நாலு ஐம்பத்தொன்றுக்குப் பற்றுச்சீட்டு வந்தது. அதற்குப் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தான்.

கெவ் தள்ளி வைத்த கிளாசைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

டேமியன் போனைப் பைக்குள் வைத்தான். பிறகு, திங்கட்கிழமை இன்னொரு தெரு வேலி இருக்கிறது, எட்டு நாள் வேலை, வருவாயா என்று கேட்டான். கோபமாய்க் கேட்கவில்லை. சமாதானம் பேசுகிற குரலிலும் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் தேவை, கேட்டான்.

"வாறன். அண்டண்டைக் கூலி அண்டண்டைக்குத் தரவேணும்."

"சரி."

சிறிதரன் தலையை நீட்டி, காசு முழுக்க வந்ததோ என்று தமிழில் கேட்டார். இளங்கீரன் போனை அவருக்கு முன்னால் வைத்தான். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, கச்சேரியில் ஒரு கோப்பைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பெயர், திகதி, தொகை.

"சரியாய்த்தான் இருக்கு," என்றார். "இனி அவன் உமக்கு ஒரு சதமும் தரவேண்டியதில்லை."