லிப்ட் நிற்காத மாடி

"இந்தத் துணிகள ஒரு பத்து நிமிஷம் எடுத்துடுறீங்களாம்மா? படம் பிடிக்கணும்."

கேட்டவர் எங்கள் கட்டடத்தை வரைந்த ஹால்வர்சன். பக்கத்தில் பத்திரிகை போட்டோக்காரர். சிகாகோவின் தெற்கே எங்கள் பழைய வீடுகளை இடித்த மண்ணில் கண்ணாடியும் சிமெண்டுமாக நிற்கிறது, பன்னிரண்டு மாடி. அஞ்சாவது மாடியில் எங்கள் வீட்டு வெளித்தாழ்வாரத்தில் என் கணவன் லூஷியஸின் கால்சட்டைகள் காய்ந்தன. எல்லாவற்றிலும் வலது கால் முழங்காலோடு மடித்துத் தைத்தது. இரும்பாலை எடுத்துக்கொண்ட கால்.

"எடுக்கறேன். லிப்ட் ஏன் சார் அஞ்சாவது மாடியில நிக்கிறதில்ல?"

ஒன்று, நாலு, ஏழு, பத்தில் மட்டும்தான் அது நிற்கும். லூஷியஸ் தரையைத் தொட்டு நாலு மாதம். நாலாவது மாடிக்கு மாற்றச் சொல்லி மூன்று மனு கொடுத்துவிட்டேன். அங்கே இரண்டு வீடு பூட்டியே கிடக்கிறது. வீடு ஒதுக்கும் ஆபீசில் கேட்டால், "வரிசையில இருக்கு."

ஹால்வர்சன் சிரித்தார். நல்ல மனுஷன் சிரிப்பு. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செலவு மிச்சம். அதோட, ஒரு மாடி நடந்தா அக்கம்பக்கத்துக்காரங்க சந்திச்சுக்குவாங்க. அதுக்காகவே யோசிச்சது."

"அப்ப வாங்க, சந்திக்கலாம்." கதவை விரியத் திறந்தேன். "லூஷியஸ், தொப்பியப் போடு. இவரு உன்னைக் கீழ கூட்டிட்டுப் போறாரு."

"முதுகு தாங்குமா அவருக்கு?" என்றான், சக்கர நாற்காலியிலிருந்து.

போட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுக்க முடியுமா? முன்னால் அவர், பின்னால் நான், நாற்காலியோடு தூக்கினோம். படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி சிக்கியது. ஹால்வர்சனின் விரல் முட்டிகள் சுவரில் உரசித் தோல் கிழிந்தது.

"இந்தத் திருப்பம் நீங்க வரைஞ்சதுதானா?" என்றான் லூஷியஸ்.

"ஆமா."

"ஒரு சாண் குறையுது, பக்கத்து வீட்டுக்காரரே."

சாய்த்து, இழுத்து, நாலாவது மாடியில் இறக்கினோம். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இந்த மாடியில ஒரு வீடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வீடு ஒதுக்குறது என் வேலை இல்லீங்க. நான் வரையறதோட சரி."

"வரையறதோட சரியா?" என் குரல் அந்தத் தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது. பூட்டாத கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

லிப்ட் வந்து திறந்தது. லூஷியஸ் தானே சக்கரத்தைத் தள்ளி உள்ளே போய்த் திரும்பினான்.

"அஞ்சு மணிக்கு வந்துடுவேன் சார். மேல தூக்க நீங்க இருப்பீங்கல்ல?"

ஹால்வர்சன் கதவு மூடாமலிருக்க ஷூவை நடுவில் வைத்திருந்தார். கதவு வந்து இடித்தது, விலகியது, மறுபடி வந்து இடித்தது.