ஊட்டுக்குத் தூரம்

கமலாத்தாளின் உடம்பில் அடிக்கடி தீப்பிடிக்கிற விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம். கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்டில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன்னாலேயே லாரியில் என்ன சரக்கு என்று சொல்லிவிடுகிற ஊர் அது. மார்கழிக் குளிரில் ஒரு பொம்பளையின் முகம் குப்பென்று சிவந்து வியர்ப்பதையா கவனிக்காமல் விடும்? கவனித்தது. என்ன, சரக்கு இன்னதென்பதைத்தான் தப்பாகச் சொல்லிவிட்டது.

அவள் மாரப்பன் பெண்சாதி. வயலும் தென்னந்தோப்பும் மாடு கன்றுமாக இருக்கிற வீடு. வயது நாற்பத்தேழு. மகன் ஆறுமுகசாமிக்கு முந்தின வருஷம் கல்யாணமாகி, நாச்சம்மாள் என்றொரு வாயில்லாப் பூச்சி மருமகளாக வந்திருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். அதனாலேயே பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் வேலிக்கு மேலாக அதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தீ வருவதற்கு நேரம் காலம் கிடையாது. தோசைக் கல்லின் முன்னால் வரும். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது வரும். நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பு மூட்டி ஊதாங்குழலால் ஊதுவதுபோல் ஏறி, காதுமடலைக் கொதிக்கவைத்து, ரவிக்கையை முதுகோடு ஒட்டவைத்துவிட்டு இறங்கும். இறங்கினதும் குளிரும். மாசாமாசம் வருவது ஒரு தடவை சீக்கிரமே வந்து ஆளை வெளுக்க வைத்துவிட்டுப் போனது; அடுத்த தடவை, விருந்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஒறம்பரையைப் போல ஏமாற்றியது. பால் பொங்கி வழிந்ததற்கு அவள் அழுதாள். அழுததை நினைத்துக் கோபம் வந்தது. கோபம் நாச்சம்மாள் தலையில் விழுந்தது.

இதற்கு ஒரு பேர்கூட அவளுக்குத் தெரியாது. பெரியவளானபோது குச்சு கட்டினார்கள், மாமன் சீர் கொண்டுவந்தான், ஊரைக் கூட்டிச் சோறு போட்டார்கள். அது கிளம்பிப் போகிற காலத்தில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பெற்றவளும் சொல்லிவைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீரில் அலசி மோரில் போட்டுக் குடித்தாள். வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். ஊறவைத்த வெந்தயம் கொஞ்சம் கேட்டது. விடியலில் மரத்திலிருந்து இறக்கின கையோடு வாங்கிக் குடித்த தெளுவுப் பதநீர், குடிக்கிற நேரத்துக்கு இதமாக இருந்தது. பிறகு, இடுப்பு வலி என்று புருஷனிடம் சொன்னாள். வேறெப்படிச் சொல்வது? மாரப்பன் சித்தூருக்குப் போய், மலையாள வைத்தியரிடம் அந்த இடுப்பைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி, ஒரு பாட்டில் அரிஷ்டம் வாங்கிவந்தார். கமலாத்தாள் இரண்டு மூடி குடித்தாள். பாட்டிலோ இரண்டே நாளில் காலி. அரிஷ்டத்தின் ருசி மாரப்பனுக்குப் பிடித்துப்போயிருந்தது. அவர் இடுப்புக்கு நல்ல குணம்.

நிஜமாகவே கேட்ட மருந்து ஒன்றுதான். அது கடையில் கிடைப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையையும் தாண்டி, ஓலை வேய்ந்த சாளை ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் தூரமானால் அங்கேதான் மூன்று நாள். பாய் தனி, தட்டுத் தனி, சொம்பு தனி. கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சாளையைப் பார்த்தாலே அவளுக்கு அழுகை வரும். இப்போதோ அது சொர்க்கமாக இருந்தது. கிழக்குப் பக்கத் தட்டியில் ஓலை பிரிந்த ஒரு சந்து. பொள்ளாச்சிப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்துவரும் காற்று, பனைமரங்களைச் சடசடக்க வைத்துவிட்டு, நேராக அந்தச் சந்து வழியாக வந்து அவள் மேல் படியும். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். சாணி மெழுகிய தரையில் முதுகு பதியப் படுக்கலாம். ஏன் எழுந்தாய், ஏன் கதவைத் திறந்தாய், மூட்டையடுக்கின அறைக்குள் உனக்கு மட்டும் என்ன புழுக்கம் என்று கேட்க ஆளில்லை. தீ வந்தாலும் தானாக அடங்கும். அந்த மூன்று நாள்தான் அவள் தூங்கினாள்.

அப்படியிருக்க, ஐப்பசியில் அது வரவேயில்லை. கார்த்திகையிலும் இல்லை. சாளைக்குப் போக வழியில்லாமல் வீட்டுக்குள் கிடந்து அவள் வெந்தாள். ஒரு காலையில், கழுத்தடி நனைந்து நிற்கும்போது, அடுப்படியில் இருந்த நாச்சம்மாளிடம் வாய் தன்னால் சொல்லியது: "அம்மிணி, நானு ஊட்டுக்குத் தூரம். சோத்தை நீயே பாத்துக்க."

அவ்வளவுதான். நாச்சம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். மாரப்பன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். தலைவலி என்றால் எங்கே வலி என்பார்கள், கோயிலுக்கு என்றால் எந்தக் கோயில் என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யாரும் சாட்சி கேட்பதில்லை. முப்பது வருஷமாக அதைச் சொல்லியிருந்தும் அதன் பலம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ருசி கண்டுவிட்டாள். மார்கழியில் இரண்டு தடவை தூரமானாள்.

ஆனால் பொய்யை முழுசாகச் சொல்ல வேண்டாமா? தூரமானவள் துணியை அலசி, யார் கண்ணிலும் படாமல் கொட்டகைக்குப் பின்னால் வேலியில் உலர்த்துவாள். யார் கண்ணிலும் என்றால், பழனாத்தாள் கண்ணைத் தவிர. வேலிக்கு அந்தப் பக்கம்தானே அவள் எருக்குழி. வேலி வெறுமையாகக் கிடப்பதை அவள் பார்த்தாள். தூரம் என்று சாளையில் உட்கார்ந்திருக்கிறாள், வேலியில் துணியில்லை. முகம் சிவக்கிறது, சோறு இறங்குவதில்லை, தொட்டதற்கெல்லாம் அழுகை. பழனாத்தாளுக்கு விடை கிடைத்துவிட்டது. நின்றுபோனதை மறைக்கத்தான் தூரம் என்று நாடகம். எதனால் நிற்கும்? மருமகள் வந்த வீட்டில் மாமியார் முழுகாமல் இருக்கிறாள்.

தண்ணித்துறையில் இந்தச் செய்தியை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். ஒருத்தி போதாதா?

கமலாத்தாளுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. நாச்சம்மாள் சாளை வாசலில் தள்ளிவைத்துவிட்டுப் போகும் தட்டில் சோற்றோடு நெல்லிக்காய் இருந்தது. மறுநாள் நார்த்தங்காய் ஊறுகாய். இந்தப் பிள்ளைக்குத் திடீரென்று என்ன கரிசனம் என்று நினைத்தபடி அவள் நெல்லிக்காயைக் கடித்தாள். நாச்சம்மாளின் கண்கள் வீங்கியிருந்ததையும் பார்த்தாள். ஒரு வருஷமாக வயிறு திறக்காத மருமகள், மாமியாருக்குப் புளிப்பு தேடிக் கொண்டுவந்து வைக்கிறாள். அந்தப் பிள்ளையின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? மாமியாருக்குத் தெரியாது. அவள் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

பொள்ளாச்சிப் பக்கம் கள்ளுக்கடையை மூடியதிலிருந்து, எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற கோபாலபுரம் கடையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் வைத்துத்தான், கூடக் குடிக்கிற காளிச்சாமி கேட்டார்.

"ஏனப்பா மாரப்பா, தொட்டில் வாங்கோணுமாமா. மகனுக்கா, பேரனுக்கா?"

கடையே சிரித்தது. மாரப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனுஷனுக்கு அப்படி ஒரு பேர் கிடைத்தால் என்ன செய்வான்? மீசையைத் தடவிக்கொண்டார். வழக்கத்தைவிட ஒரு மொந்தை கூடுதலாகக் குடித்தார். வீட்டுக்கு வரும்போது ஆரஞ்சுப்பழம் வாங்கிவந்தார்.

கமலாத்தாள் மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். பழப்பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன புள்ள?" என்றார்.

"என்னத்தைங்க?"

"ஊரே பேசுது. நீ சாளையில போயி ஒளிஞ்சுக்கிட்டா ஆச்சா? மருமக இருக்கற ஊட்டுல கூச்சமாத்தான் இருக்கும். இருந்தாலும் கடவுள் குடுக்கறதை வேண்டாங்க முடியுமா?"

அவளுக்கு அப்போதுதான் நெல்லிக்காய் விளங்கியது. நாச்சம்மாளின் கண்கள் விளங்கின. சமையலறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மருமகள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் சாளை போய்விடும். நின்றுபோனவளுக்குச் சாளையில் என்ன வேலை? சொல்லாவிட்டால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவள் இன்னும் எத்தனை நாள் நெல்லிக்காய் பொறுக்குவாள்?

கமலாத்தாள் கதவைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "புள்ளையுமில்ல, ஒண்ணுமில்லீங்க. அது நின்னுட்டு வருதுங்க. ஒடம்பெல்லாம் காந்துது, தூக்கமில்லை. அங்க காத்து வருதுன்னுதான் பொய் சொல்லிப் போயிப் படுத்தேன்."

மாரப்பன் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துத் தானே தின்றார். முகத்தில் ஒரு நாள் ராஜ்யம் போன வருத்தம் இருந்தது. பிறகு, விவசாயி அல்லவா, நிலைமையைப் பார்த்துக் கேட்டார்:

"அப்படீன்னா சாளை இனிச் சும்மாதான கெடக்கும்?"

மறுநாளே தவிட்டு மூட்டையும் பருத்திக்கொட்டை மூட்டையும் சாளைக்குள் வந்து இறங்கின. கிழக்குத் தட்டியோடு கூரை முட்ட அடுக்கியாயிற்று. மருமகளுக்கு வாசலோரம் ஒரு மூலை விட்டிருந்தார். அவளுக்கு அது போதுமாம். காற்று வந்த சந்து மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள் அவள் வெந்தாள். பக்கத்தில் ஒரு மனுஷன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையளவு தூரத்தில் அவர் முதுகு. எழுப்பி என்ன சொல்வது? சொல்லத்தான் செய்தாயிற்றே, சொன்னதற்கு மூட்டை வந்தது.

ஒருநாள் கேட்டும் பார்த்தாள். "எனக்கு அங்க படுத்தாத்தானுங்க கண்ணு மூடுது."

"தூரமானவ போயிப் படுத்தா ஒண்ணுமில்ல. சும்மா இருக்கறவ போயிப் படுத்தா, மாரப்பன் பொண்டாட்டியத் தள்ளி வெச்சுட்டான்னு பேச மாட்டாங்களா?" என்றார் மாரப்பன். முந்தின வாரம் ஊர் வேறு மாதிரிப் பேசியபோது மீசையைத் தடவிய அதே மனுஷன்தான்.

பொங்கல் கழிந்து இரண்டு நாள் இருக்கும். மத்தியானச் சோறு உண்டுவிட்டு மாரப்பன் கோபாலபுரத்துக்குக் கிளம்பினார். கமலாத்தாள் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்தாள். அப்போது தீ ஏறியது. அது அடங்குகிற வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடங்கியதும் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நேராகச் சாளைக்குப் போனாள். மேல் மூட்டையைக் கீழே சாய்த்து, காதைப் பிடித்துத் தரையோடு இழுத்தாள். சாளையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் தவிடு கோடு போட்டது.

இரண்டாவது மூட்டைக்கு அவள் குனிந்தபோது அதன் மறுபக்கத்தை இரண்டு கைகள் பிடித்தன. நாச்சம்மாள்.

"நீ உடு அம்மிணி. உங்க மாமா வந்தா உன்னையத்தான் கேப்பாங்க."

"அந்த மூலையில என்னாலயும் படுக்க முடியலீங்க அத்தை," என்றாள் நாச்சம்மாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பேசியதில் நீளமான பேச்சு அதுதான். அதோடு நிறுத்தவும் இல்லை. "நெல்லிக்காயி புளிச்சுதுங்களா?"

கமலாத்தாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள். நாச்சம்மாள் சிரிக்கிறாளா, அழப்போகிறாளா என்று தெரியவில்லை. "புளிச்சுது கண்ணு," என்றாள். மறுபடியும் தூக்கினார்கள்.

வேலிக்கு மேலே பழனாத்தாளின் தலை தெரிந்தது. தெரியாமல் இருந்தால்தான் அதிசயம்.

"ஏனுங்கக்கா, மூட்டையெல்லாம் வெளிய வருது?"

"நானு சாளைக்கு வர்றேன் அம்மிணி. ஊட்டுக்குத் தூரம்."

"நின்னுபோச்சுன்னு அண்ணன் கடையில சொன்னாராமா?" பழனாத்தாளுக்கு விஷயம் துல்லியமாக இருக்க வேண்டும்.

கமலாத்தாள் நிமிர்ந்தாள். கழுத்தெல்லாம் தவிடும் வியர்வையும். "அது நின்னுபோச்சு. நானுதான் தூரம். இங்கிருந்து அந்த ஊட்டுக்கு எவ்வளவு தூரம்னு நீயே பாத்துக்க. வேலியில துணி காயாது, எதிர்பாத்துக்கிட்டு நிக்காத."

பழனாத்தாளின் தலை வேலிக்குக் கீழே இறங்கியது.

பொழுதோடு வந்த மாரப்பன், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற மூட்டைகளைச் சுற்றி உள்ளே போனது சாளைக்குக் கேட்டது. "உங்க அத்தை எங்க?" என்று கேட்டார்.

"ஊட்டுக்குத் தூரமுங்க மாமா," என்றாள் நாச்சம்மாள்.

சாளையில் கமலாத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஏதோ கேட்க வாயெடுத்திருப்பார். ஆனால் மருமகளிடம் அந்த விஷயத்தை எப்படி ஒரு மாமனார் மேற்கொண்டு கேட்பது? தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு தட்டு வைக்கிற சத்தம். அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். இனி அவர் கேட்க மாட்டார். வந்து பார்க்கவும் மாட்டார். அதைத்தான் அவள் விரும்பினாள். விரும்பினது நடந்தும், நெஞ்சுக்குள் ஒரு இடம் மட்டும் காலியாகக் கிடந்து காந்தியது. அது வேறு சூடு. அதற்கு நனைந்த துண்டு கேட்பதில்லை.

சந்து வழியாகக் காற்று வந்தது. அவள் தரையில் முதுகைப் பதித்தாள்.

வேலிப் பக்கம் சருகு நொறுங்கியது. எருக்குழியில் இந்த நேரத்தில் யாருக்கும் வேலை கிடையாது. சந்து வழியாகப் பார்த்தபோது பழனாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். ஊரே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தை மாதத்து வாடையில், அவள் முந்தானையால் கழுத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அடுத்தவள் வேலியில் துணி காய்கிறதா என்று அவள் இத்தனை நாள் ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது கமலாத்தாளுக்கு அப்போது லேசாகப் பிடிபட்டது.

"அக்கா," என்றாள் பழனாத்தாள், யாருக்கும் கேட்காத குரலில். அந்தக் குரல் அவளிடம் இருப்பதே யாருக்கும் தெரியாது. "உள்ள காத்து வருதுங்களா?"

ஊரைச் சிரிக்க வைத்தவள். கமலாத்தாள், பனைமரங்கள் ஒரு தடவை சடசடத்து ஓய்கிற வரைக்கும் அவளை நிற்க வைத்தாள்.

"வருது," என்றாள்.

பழனாத்தாள் போகவும் இல்லை, வேலியைத் தாண்டி வரவும் இல்லை. முந்தானை விசிறுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.