நடுவில் ஈரம்

மரம் வாங்க வந்த தச்சர் தன் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் பலகையில் அழுத்தி எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பதினொண்ணு காட்டுதும்மா. நல்லா காஞ்சிடுச்சு.”

“உங்க மெஷின்ல பேட்டரி போயிருக்கும்.”

“போன வாரம்தான் மாத்தினேன்.”

“அப்ப மேலதான் காஞ்சிருக்கு. நடுவுல ஈரம் இருக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். “ஈரப் பலகையைக் காஞ்சதுன்னு தலையில கட்டுறவங்களத்தான் பாத்திருக்கேன். காஞ்சதை ஈரம்னு சொல்ற மில்லுக்காரம்மா நீங்க ஒருத்தர்தான்.”

என்னத்தைச் சொல்வது? பதினெட்டு வருடமாக இந்த மர அறுவை மில்லை நடத்துகிறேன். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்குக்கு மேலே, எல்லாம் உண்மைதான். ஆனால் ஈரத்தில் மட்டும் இதுவரை பொய் சொன்னதில்லை. மாதாமாதம் அளந்து பலகையின் ஓரத்தில் நானே பென்சிலால் எழுதிய எண்கள் இருக்கின்றன. கடைசி மூன்று மாதமும் பதினொன்றுதான். தச்சர் கண்ணில் படக்கூடாதென்று அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து அறுத்த கடைசி மரம் அது. புயலில் விழுந்த தூங்குமூஞ்சி. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம். அறுவை வாளிலிருந்து அந்தப் பலகை கழன்று விழுந்தபோது தண்ணீர் சொட்டியது. இருபக்கமும் பட்டையோடு, ஒட்டுப்போடாத ஒரே அகலம். அவர் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, “இதை விக்காதே. நமக்குச் சாப்பாட்டு மேசை” என்றார். மில்லில் நின்றபடியே வாயில் போட்டு விழுங்குகிறவர்களுக்கு மேசை ஒரு கேடா என்று கேட்டேன். மறுமாதமே கடல் தாண்டி ஒரு கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துக் கிளம்பினார். எப்போது வருவீர்கள் என்றதற்கு, “அங்குலத்துக்கு ஒரு வருஷம், பலகை மூணு அங்குல கனம். காயறதுக்குள்ள வந்து நிப்பேன்” என்றார். கேட்பவர்களுக்கு அது விளையாட்டு. மரத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு அதுதான் தேதி.

வெட்டுமுனைகளில் வெடிக்காமலிருக்க மெழுகு பூசினேன். காற்றுப் போக அடியில் இடைக்குச்சிகளை வரிசையாக வைத்தேன். முதல் வருடமெல்லாம் சீக்கிரம் காய்ந்து தொலையேன் என்று அதைத் திட்டாத நாளில்லை. மில்லில் உலர்த்தும் அறை இருக்கிறது. அதில் ஏற்றினால் சில வாரத்தில் வேலை முடிந்துவிடும். ஒருநாள் கதவைத் திறந்துகூட விட்டேன். அவசரப்பட்டால் பலகை உள்ளுக்குள்ளேயே பிளந்துவிடும் என்று மூடினேன். இப்போது மூன்றரை வருடம் ஆகிறது. அவர் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறார். எனக்கோ, காய்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் அவர் சொன்ன தேதி தவறிப்போனதாகிவிடும்.

போன் அடித்தது. அவர்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வந்தார்.

“இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நான் பதில் சொல்லலை.” பிறகு கேட்டார்: “அந்தப் பலகை... காஞ்சிடுச்சா?”

காஞ்சிடுச்சு, கிளம்பி வாங்க என்றால் போதும். வாக்குத் தவறுகிறவர் இல்லை, வந்துவிடுவார். ஆனால் வாக்குக்காக வருகிற மனிதருக்காகவா நான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன்? பலகை எக்கேடு கெட்டால் என்ன, உன்னைப் பார்க்கணும் போலிருக்கு என்று ஒரே ஒருதரம் சொல்லக்கூடாதா? ஈரம் என்று சொன்னாலாவது அதைச் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன்.

“நடுவுல இன்னும் ஈரம் இருக்குங்க.”

“அப்படியா!” என்று மூச்சு விட்டார். எவ்வளவு நிம்மதி அந்த மூச்சில்! “அப்ப விடு. அவசரப்படாதே, பாழாயிடும்.”

“ஆமா. பாழாயிடும்.”

தச்சர் ஊசிகளை உருவிக்கொண்டு, “நான் அந்தப் பக்கம் பாக்குறேம்மா” என்று மெல்ல நகர்ந்தார். நான் பலகைமேலேயே உட்கார்ந்தேன். வெயில் ஏறி மரம் இதமாகச் சுட்டது. போன் இன்னும் காதில் இருந்தது. அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. போனின் அந்தக் கோடியில், பட்டறையில், யாரோ இரும்பை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.