பழையவன் நிற்கும் இடங்கள்

வண்டி முதல் தடவை நின்றது பெரிய பாறையருகில்.

என் பனிவண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் கட்டி இழுத்த, சக்கரமில்லாத ஒரு சறுக்கு. சறுக்கில் என் நாத்தனார் எல்லே. அவள் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் சாம்பலன், காயடித்த கிடா. அவன் நடந்தால் எங்கள் பனிமான்கள் எல்லாம் நடக்கும். அவன் நின்றால் நிற்கும். எத்தனை மான்கள் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. மந்தையின் கடைசியில் என் கணவன் யொவ்னா இன்னொரு வண்டியில் வந்தான்.

மே முதல் வாரம். பெட்டைகள் எல்லாம் சினை. அவை ஈனும் நிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்று உச்சிவெயில் வரை ஆற்றின் பனி தாங்கும் என்றான் யொவ்னா. நாளையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கரையில் ஈன்றால் குட்டிகளால் உருகிய ஆற்றைக் கடக்க முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஆயிற்று. அந்தக் கோடையில் குட்டிகளின் காதில் குறி வெட்டத் தீட்டிய கத்தி மழுங்கவே இல்லை.

எஞ்சின் அடங்கியதும் குளம்புகளின் சத்தம் கேட்டது. நடக்கும்போது எங்கள் மான்களின் கால்கள் சொடுக்குப் போடும். தூரத்தில் யாரோ விடாமல் சுள்ளி ஒடிப்பது போல இருக்கும். அதுவும் மெல்ல நின்றது.

"என்ன அண்ணி, அதுக்குள்ள காப்பியா?"

"நான் நிறுத்தலடி. அதுவா நின்னுச்சு."

எல்லே பாறையைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இங்கதானே பழையவன் நிப்பான்?"

ஆமாம், இங்கேதான். சாம்பலனுக்கு முன் மந்தையை நடத்தியவன் பழையவன். பதினொரு வசந்தங்கள் இதே வழியில் நடந்தான். வழியில் அவனுக்கென்று மூன்று இடங்கள், முதலாவது இந்தப் பாறை. அங்கே வந்தால் தலையைத் தாழ்த்தி நின்றுவிடுவான். ஒரு காப்பி குடிக்கும் நேரம். இழுத்தாலும் வரமாட்டான். போன இலையுதிர்காலத்தில் பின்னங்கால்கள் விட்டுப்போயின. யொவ்னா அறுத்தான். கறியைத் தின்றோம். தோலை நான் வைத்துக்கொண்டேன். இன்று விடிகாலையில்தான் அதை வண்டியின் இருக்கையில் விரித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். உட்கார மெத்தென்று இருந்தது.

பிளக்குகளைக் கழற்றினேன். காய்ந்திருந்தன. தீப்பொறி வந்தது. பெட்ரோல்தான் போகவில்லை. பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"தண்ணி கலந்திருக்கும்," என்றாள் எல்லே. "கேனை யாரோ அடுப்புப் பக்கத்துல வச்சாங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன். என் அண்ணனைப் பத்தித் தப்பாப் பேச எனக்கு வாய் வராது."

அரைக் கேனைச் சூட்டில் வைத்துக் குளிரில் எடுத்தால் உள்ளே வியர்க்கும். வியர்வை உறையும். டேங்கின் மூடியைத் திறந்து, உறைந்த தண்ணீரைக் கரைக்க ஒரு மூடி ஸ்பிரிட் ஊற்றினேன். மூடினேன். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

"பாத்தீங்களா?" என்றாள் எல்லே.

மீண்டும் நகர்ந்தோம். காற்று இல்லை. மூடுபனி தரையோடு கிடந்தது. அதற்கு மேலே சூரியன் வெள்ளையாக, விளிம்பில்லாமல் இருந்தது. வானம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் சாம்பலனின் கொம்பு மட்டும் மிதந்து வந்தது. அதன் பின்னால் முதுகுகள். ஓர் ஆறு எங்களைத் தொடர்ந்து வருவது போலிருந்தது. தோலின் மயிர் என் கையுறைக்குக் கீழே சாய்ந்து நிமிர்ந்தது. அவன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தேன். உயிரோடிருக்கும்போது அதற்கு விட்டிருக்கமாட்டான்.

பட்டுப்போன பிர்ச் மரங்கள் மூடுபனியிலிருந்து வந்தன. எஞ்சின் இருமியது. நின்றது.

எல்லே இந்த முறை சிரிக்கவில்லை. பழையவனின் இரண்டாவது இடம் அது.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "அவன்தான் நிறுத்துறான்."

"பேசாம இரு."

"நீங்க அவன் மேலதான் உக்காந்திருக்கீங்க."

நான் கார்பரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தினேன். பெட்ரோல் கொஞ்சம் சொட்டியது. உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். தண்ணீர் மணி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மிச்சமிருந்த ஸ்பிரிட்டை டேங்கில் ஊற்றினேன். எஞ்சின் உடனே பிடித்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். உள்ளுக்குள் வேறொன்றையும் நினைத்தேன். அவன் ஓய்வெடுத்துவிட்டான், இனிப் போவான் என்று.

வாக்கிடாக்கியில் யொவ்னாவின் குரல் வந்தது.

"ஏய், என்னங்கடி பண்றீங்க முன்னாடி? ஊர்க்கதையா?"

"உன் பெட்ரோல்தான் கதை சொல்லுது," என்றேன்.

"வெயில் ஏறுது ரவ்னா. சீக்கிரம்."

மூன்றாவது தடவை வண்டி நின்றது சதுப்பு வெளியில். சுற்றிலும் எதுவும் இல்லை. பாறை இல்லை, மரம் இல்லை. பனிக்கு மேல் முழங்கால் உயரக் குத்துச்செடிகள் மட்டும். மூடுபனி கலையத் தொடங்கியிருந்தது. தூரத்தில் ஆறு தெரிந்தது. அதன் வெள்ளையில் நீலம் படர்ந்திருந்தது. பனிக்கு மேல் தண்ணீர்.

பின்னால் ஒரு பெட்டை மந்தையைவிட்டு விலகிப் போய்ப் படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது.

"அண்ணி, அது ஈனப்போகுது."

"தெரியுது."

நான் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பழையவன் இந்த இடத்தில் நின்றதே இல்லை. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. அப்படியானால் நிறுத்துவது அவன் இல்லை.

இடத்தை விட்டுவிட்டு நேரத்தை எண்ணினேன். கால் மணி. ஒவ்வொரு தடவையும் கால் மணி ஓட்டம். பிறகு நின்றது. நாங்கள் எதையோ செய்தோம், பிறகு ஓடியது. இரண்டு தடவையும் ஸ்பிரிட் ஊற்றினோம். ஊற்ற மூடியைத் திறந்தோம்.

இப்போது ஸ்பிரிட் இல்லை. குல்லாயைக் காதுக்கு மேல் தள்ளிவிட்டு, குனிந்து, மூடியை மட்டும் திருகினேன்.

டேங்க் மூச்சை இழுத்தது. நீண்ட மூச்சு. முங்கியிருந்த ஒருவன் மேலே வந்ததுபோல.

"கேட்டியா?"

"என்னது?"

"காத்துப் போகல உள்ள. பெட்ரோல் வெளிய போகப் போக டேங்க் உறிஞ்சிப் பிடிச்சுக்குது."

டேங்குக்குக் காற்று விடும் டியூப் விரல் கனம்கூட இருக்காது. கைப்பிடித் தண்டை ஒட்டிக் கீழே இறங்கும். தேடினேன். காலையில் நான் கட்டிய கயிறு அதன்மேல் ஏறியிருந்தது. தோலின் கழுத்துப் பகுதி அங்கேதான் மடிந்து கிடந்தது. டியூப் தட்டையாக நசுங்கியிருந்தது.

முடிச்சு உறைந்திருந்தது. கத்தியால் அறுத்தேன். டியூபை விரல்களால் உருட்டி உருட்டி மறுபடி உருளையாக்கினேன். தோலைச் சுருட்டி எல்லேயிடம் கொடுத்தேன். அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் யொவ்னா வந்துவிட்டான். குட்டி பனியில் கிடந்தது. கறுப்பு, ஈரம், ஆவி பறந்தது. தாய் நக்கிக்கொண்டிருந்தது.

"இதுல சுத்தித் தூக்கிக்கலாமாண்ணா?" எல்லே தோலை நீட்டினாள்.

"வேணாம் பாப்பா. கிடா வாசம் ஒட்டினா தாய் சேத்துக்காது."

அவன் குத்துச்செடிகளை வெட்டித் தன் சறுக்கில் பரப்பினான். கையுறைகளைத் தாய் படுத்திருந்த பனியில் தேய்த்தான். குட்டியைத் தூக்கி வைத்தான். தாய் சறுக்கை முகர்ந்தது. முனகியது. பின்னால் ஒட்டி நின்றது.

"உன் வண்டி?" என்றான் என்னிடம்.

"சரியாயிடுச்சு."

"நிச்சயமா? போன ரெண்டு தடவையும் அப்படித்தானே நினைச்ச."

நான் ஆற்றைப் பார்த்தேன். மான் நடையில் ஆற்றின் நடுப்பகுதிக்குக் கால் மணி ஆகும். நான் நினைத்தது தவறாக இருந்தால் அங்கே நிற்போம். கீழே பனி, மேலே தண்ணீர், பின்னால் மந்தை முழுவதும்.

"ஏறு," என்றேன் எல்லேயிடம்.

கரை இறங்கும்போது தண்ணீர் சறுக்கின் அடிப்பலகையைத் தொட்டது. சாம்பலன் ஒரு கணம் தயங்கினான். எல்லே அவனிடம் ஏதோ பாடினாள், வார்த்தைகள் இல்லாமல். வந்தான். மற்றவை வந்தன. தண்ணீருக்குள் வானம் கிடந்தது. மான்கள் மேகங்களை மிதித்து நடந்தன. ஒவ்வொன்றின் கீழும் இன்னொன்று தலைகீழாக நடந்தது. எங்கோ ஆழத்தில் பனி ஒரு தடவை முனகியது. நான் திரும்பவில்லை. இருக்கை வழுவழுப்பாக, குளிர்ந்து இருந்தது. எஞ்சினை மட்டும் கேட்டேன்.

நடு ஆறு வந்தது. கால் மணி ஆயிற்று. எஞ்சின் ஓடியது.

அதற்குப் பிறகும் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினாறு நிமிடம். பதினெட்டு. வண்டியின் மூக்கு உயர்ந்தது. பற்சங்கிலி மணலையும் பனியையும் சேர்த்துக் கவ்வியது. கரை.

மேட்டில் ஏறியதும் கயிறு இழுபட்டது. சாம்பலன் நின்றிருந்தான். தலையைத் தாழ்த்தியிருந்தான். எல்லே இழுத்தாள். வரவில்லை. பழையவனின் மூன்றாவது இடம் அது.

நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

சொடுக்குச் சத்தம் ஆற்றிலிருந்து மேலே ஏறி வந்தது. எங்களைக் கடந்து இரண்டு பக்கமும் பரவியது. கடைசியாக யொவ்னாவின் சறுக்கு வந்தது. குட்டி தலையைத் தூக்கியிருந்தது. தாய் வயிறுவரை நனைந்திருந்தது.

எல்லே தோலைப் பனியில் விரித்தாள். காப்பிப் பாத்திரத்தை எடுத்தாள்.

"இப்ப யார் அண்ணி நிறுத்தினது?"

"நான்தான்," என்றேன்.