மயிலாப்பூர் மூட்டைகள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் நெய்த பட்டுப்புடவைகளை மூட்டை கட்டி, மெட்ராஸ் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அப்பாதுரைக்குப் பிழைப்பு. எந்தக் கடைக்குப் போனாலும், போகிற போக்கில் மயிலாப்பூரில் தங்கை காந்தாவின் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நகர்வான். வெறும் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மச்சான் தினமும் தலையைக் காட்டுகிறானே என்ற பயத்தில்தான் அவள் புருஷன் பரமசிவம் என்கிற அந்த நாய் கையை மடக்கி வைத்திருந்தது.

அப்போதுதான் சபாபதி ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். மூட்டைக்காரர்களில் மூத்தவர், நல்ல மூளைக்காரர்.

"நாலு பேரும் மெட்ராஸ் முழுக்கச் சுத்தி, ஒரே தெருவுல ஒருத்தன ஒருத்தன் இடிச்சிக்கினு நிக்கறோம். ஆளுக்கொரு பக்கமா பிரிச்சிக்கலாம்பா. மத்தியானத்துக்குள்ள எல்லா மூட்டையும் எறங்கிடும்."

மயிலாப்பூர் கந்தனுக்குப் போயிற்று, அப்பாதுரைக்கு வண்ணாரப்பேட்டை.

"மயிலாப்பூர் எனக்கே இருக்கட்டும்ண்ணா."

"இன்னாபா, அங்க யாரையாவது வச்சிக்கினு இருக்கியா?" என்றான் கந்தன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை அடிபடுகிற கதையை நாலு பேர் நடுவில் எந்த அண்ணன் சொல்லுவான்? மானம் பெரிதென்று வாயை மூடிக்கொண்டான், மடையன்.

ஏற்பாடு என்னவோ அமோகமாகத்தான் நடந்தது. வேலை சீக்கிரம் முடிந்ததால் மத்தியானம் இன்னொரு நடையும் சேர்ந்துகொண்டது. மயிலாப்பூர்ப் பக்கம் எட்டிப்பார்க்க அப்பாதுரைக்கு நேரமே இல்லை.

ஒருநாள் காலையில் மூட்டைகளைப் பஸ் மேல் ஏற்றும்போது கந்தன் சொன்னான்: "உன் தங்கச்சின்னு ஒரு பொண்ணு நேத்து மயிலாப்பூர்ல உன்ன விசாரிச்சுச்சுபா. பல்லு ஒண்ணு இல்ல, கண்ணு வீங்கிக் கெடக்குது. படியில வுழுந்துட்டேன்னுச்சு."

அப்பாதுரை அவன் குரல்வளையைப் பிடித்தான். "பாத்துட்டு, மூட்டைய எறக்கிட்டு வந்தியாடா?" மூக்கில் விட்ட குத்தில் கந்தன் சட்டையெல்லாம் ரத்தம். விலக்க வந்த சபாபதியைத் தள்ளிய வேகத்தில் அவர் தலை பஸ் ஏணியில் மோதிப் பிளந்தது. ஒரு பாவமும் அறியாத மனுஷர். அப்பாதுரை திரும்பிக்கூடப் பார்க்காமல், கிளம்பிய பஸ்ஸில் தாவி ஏறினான்.

மயிலாப்பூரில் பரமசிவம் சோற்றில் கை வைத்திருந்தான். அப்பாதுரை அவனை வாசலுக்கு இழுத்துவந்து, அந்தக் கையைப் படியில் வைத்து மிதித்தே முறித்தான். அலறல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. ஒருவரும் கிட்டே வரவில்லை. காந்தா அலறியபோதும் வந்தவர்கள் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏண்ணா நீ வரல?"

"லைன மாத்திட்டாங்கம்மா."

"என் கதிய சொல்லியிருந்தா மாத்தியிருக்க மாட்டாங்களே."

"ஊரு சிரிக்கும்னு சொல்லல."

காஞ்சிபுரம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் தலையில் கட்டோடு சபாபதியும், மூக்கைப் பிடித்துக்கொண்டு கந்தனும், அவர்களோடு ஒரு போலீஸ்காரரும் நின்றிருந்தார்கள். காந்தாதான் முதலில் இறங்கினாள். முந்தானையை விலக்கி, முகத்தை அவர்களுக்கு நேராகக் காட்டினாள்.

"சிரிங்க" என்றாள்.